காலி மேஜை அவருக்கு ஆகாது

தே தாரிக் கிளாசில் ஒரு விரற்கடை காலியாக இருந்தாலும் அவர் குடிக்க மாட்டார். கிளாசை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாஸ், இது என்ன, பாதியில நின்ன கல்யாணமா?" என்று கேட்பார். கடைக்காரர் திட்டிக்கொண்டே மறுபடி ஊற்றுவார். விளிம்பு வரைக்கும் தேநீர் வந்த பிறகு கிளாசைத் தொடாமல், வாயை மட்டும் குனிந்து கொண்டுபோய் முதல் மிடறை உறிஞ்சுவார். அப்புறம் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, ஒரே சொல் சொல்வார்.

"செம்புர்ணா!"

குறையே இல்லாத ஒன்றுக்கு மலாயில் அதுதான் சொல். எங்கள் ஊரில் தமிழனும் சீனனும் மலாய்க்காரனும் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அவர் சொன்னமாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டாவது எழுத்தில் ஏறி, மூன்றாவதில் நின்று, கடைசியில் கை இரண்டையும் விரித்துக் கீழே இறங்குவார். பக்கத்தில் இருப்பவர்கள் கிளாசை நகர்த்தி வைத்துக்கொள்வது நல்லது.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குக் கீழே ஒரு டயர் கடை. பகலில் அங்கே கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சனி ஞாயிறு மாலையில் மெரூன் நிற ஜிகினா கோட்டைப் போட்டுக்கொண்டு கல்யாண விருந்துகளில் மைக்கைப் பிடிப்பார். காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் வட்ட மேஜை போட்டு விருந்து என்பது எங்கள் வழக்கம். அந்த விருந்துக்கு மாப்பிள்ளை இல்லாமல்கூடச் சமாளித்துவிடலாம், எம்சி இல்லாமல் முடியாது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கிள்ளான் முதல் பங்சார் வரைக்கும் எல்லாருக்கும் அவர் எம்சி அங்கிள்தான்.

என் வேலை அவர் வேலைக்கு நேர் எதிர். அவர் கூட்டத்தைச் சேர்ப்பார், நான் படத்திலிருந்து ஆட்களை அழிப்பேன். கல்யாண ஆல்பங்களைக் கணினியில் சுத்தம் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பரு, வியர்வை, சேலையில் சிந்திய சாம்பார், பின்னால் கொட்டாவி விடும் மாமா, எல்லாம் போய்விடும். கண்ணை மூடியவர்களுக்கு வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துத் திறந்துவிடுவேன். ஒரு முறை அவசரத்தில் தம்பியின் கண்ணை அண்ணனுக்கு வைத்துவிட்டேன். அந்த அண்ணன் படத்தைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் தான் இவ்வளவு அழகாக விழுந்ததே இல்லை என்று நன்றி சொல்லி அனுப்பினார்.

கீழே வெயில் தாங்காதபோது ஏர்கோனுக்காக அங்கிள் மாடி ஏறி வருவார். டயர் வாசனையோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்.

"யாரும்மா அது, ஓரத்துல நின்ன பாட்டையா? எங்க காணோம்?"

"எடுத்துட்டேன் அங்கிள். ஃபிரேம்ல இடிக்கிறாரு. இப்பதான் படம் பெர்ஃபெக்ட்."

"பெர்ஃபெக்டா? எம்மா, செம்புர்ணா எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது அங்கிள். சொல்லாம விடவா போறீங்க?"

"நம்ம சம்பூர்ணம்லா! சமஸ்கிருதத்துல பூர்ணம்னா நிரம்பினது. அது தமிழுக்கும் வந்துச்சு, கப்பலேறி இங்கயும் வந்துச்சு. கொழுக்கட்டைக்குள்ள என்ன வைப்ப?"

"பூரணம்."

"அதே குடும்பந்தான். உள்ள வச்சு நிரப்புறதால பூரணம். நீ ஆளத் தூக்கித் தூக்கி வெளிய போட்டுட்டு பெர்ஃபெக்டுங்கிற. உள்ள ஒண்ணுமில்லாத கொழுக்கட்டைய எவன் சாப்பிடுவான்?"

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. உலகத்தில் பாதிச் சொற்கள் நம்மிடமிருந்து போனவை என்பது அவருடைய கட்சி. மலாய்க்காரர்கள் கடையை 'கெடாய்' என்பது நம்மிடம் வாங்கியது என்பார், அது சரி. அதே மூச்சில் 'கம்ப்யூட்டர்' நம் 'கணிப்பு' என்பார். அதனால் அன்று அவர் இறங்கிப்போனதும் அகராதியைத் தேடிப் பார்த்தேன். மனிதர் இந்த ஒன்றில் சரியாகச் சொல்லியிருந்தார்! முழுக்க நிரம்பியது, அதுதான் வேர். பிறகு பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது நம் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாசற்றது, குறையில்லாதது, பழுதில்லாதது, அப்பழுக்கற்றது. ஒவ்வொன்றும் முதலில் அழுக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு அப்புறம் அது இல்லை என்கிறது. என் வேலைக்கு ஏற்ற சொற்கள்தான். நான் அவரிடம் போய் நீங்கள் சொன்னது சரி என்று சொல்லவில்லை. சொன்னால் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒப்புக்கொள்ளச் சொல்வார்.

காலி இடத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். லிஃப்டில் எட்டுப் பேர் நசுங்கிக்கொண்டிருக்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு பேர் வரலாம், வாங்க வாங்க!" என்பார். லிஃப்ட் மணியடித்து அழும். அவருடைய பழைய காரில் நான் ஒருநாளும் தனியாகப் போனதில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் யாரையாவது, அவர்கள் போகும் இடம் எதிர்த்திசையில் இருந்தாலும், ஏற்றிக்கொள்வார். அப்படி ஒரு முறை சுபாங் ஜெயாவுக்குக் கிளம்பிய நான் முதலில் கேரி தீவைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

மௌனமும் அவருக்குக் காலி இடம்தான். மணப்பெண்ணின் ஒப்பனை முடியாமல் கூட்டம் நெளிந்த ஓர் இரவில், முதலில் விடுகதை போட்டார், பிறகு அறுபது தாண்டிய தம்பதிகளை ஆடவிட்டார், கடைசியில் கேக்கிடம் மைக்கை நீட்டிப் பேட்டி எடுத்தார். அந்தக் கேக்கின் மேலடுக்கு சரிந்து தரையில் விழுந்தபோது மண்டபமே 'ஐயோ' என்றது. அவர் மட்டும் கண்ணை மூடி, "செம்புர்ணா! பூமாதேவிக்கு முதல் துண்டு!" என்றார். இதே ஆள்தான் ஒரு பாராட்டு விழாவில், மறைந்த தலைவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று அறிவித்துவிட்டுப் பாதி நிமிடம்கூடத் தாங்காமல், "அருமையான மௌனம்! நன்றி, நன்றி!" என்று முடித்துவைத்தவர். அந்தக் குடும்பம் அவரோடு அப்புறம் பேசவில்லை. எனக்கே அன்றைக்கு நெளிவாக இருந்தது. இந்த மனிதருக்கு வாய் மூடவே தெரியாதா என்று எரிச்சலும் பட்டேன்.

அப்படிப்பட்டவரைத்தான் என் கல்யாணத்துக்கும் பேசினோம். பேசியது நான் இல்லை, சுரேன். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், கிள்ளான்காரர். எனக்கு என் விருந்து ஆல்பம் மாதிரி நடக்க வேண்டும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் தவிர வேறு நிறம் வரக்கூடாது என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தேன். மெரூன் கோட் வேண்டாம் என்று அங்கிளிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். சரிம்மா என்று தலையாட்டினார்.

மண்டபம் கிள்ளானில். என் மாமியார் பார்த்த மண்டபம், ஊரிலேயே பெரியது. சுரேனின் அப்பா இறந்த பிறகு தனியாளாக இருந்து மகனை ஆளாக்கியவர் அவர். வந்து நிற்க ஆள் இல்லாத குடும்பம் என்று அந்த நாளில் சொந்தக்காரர்கள் பேசியதை அவர் மறக்கவில்லை. மண்டபம் பிடித்த சேதி கேட்டு, சுபாங் ஜெயாவில் இருக்கும் அவருடைய அண்ணி போனில் சொன்னாராம்: "அவ்ளோ பெரிய ஹாலா? பாத்து, எக்கோ கேக்கப்போவுது." அந்த ஒரு சொல் அத்தையின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து பார்ப்பவர்களை எல்லாம் குடும்பத்தோடு வரச்சொல்லி அழைத்தார்.

அன்றைக்கென்று பார்த்து மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் மழை தெரியுமில்லையா, அரைமணி நேரத்தில் சாலை ஆறாகிவிடும். மண்டபம் மேட்டில் இருந்ததால் தப்பித்தது. நெடுஞ்சாலையில் வாகனங்கள் அசையவில்லை. என் போனில் வரிசையாகச் செய்திகள்: ஜேம் லா, தண்ணி ஏறிடுச்சு லா, சாரி லா. விருந்து தொடங்கும் நேரத்தில் மேடைக்கு முன்னால் நாலு மேஜையில்தான் ஆள் இருந்தது. பின்னால் வெள்ளைத் துணி போட்ட மேஜைகள் சுவர் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தன. நான் ஆசைப்பட்ட படம்தான். கறையில்லை, கூட்டமில்லை, யாரும் கொட்டாவி விடவில்லை. பேசாமல் மணப்பெண் அறைக்கே திரும்பிவிட்டேன்.

மைக்கைச் சோதித்துப் பார்த்த ஆள், "ஹலோ, ஹலோ" என்றார். "லோ, லோ" என்று சுவர் திருப்பிச் சொன்னது.

மணப்பெண் அறையில் என்னோடு இருந்த அத்தை அதைக் கேட்டார். கையில் வைத்திருந்த ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்.

"எக்கோ கேக்குதுடி."

"அத்தை, மழைதானே? வந்துருவாங்க."

"நான் வெளிய வரலை. நீங்க போய் நடத்துங்க. இந்தக் காலி மேஜைங்களுக்கு நடுவுல மேளத்தோட நடந்து வர என்னால முடியாது."

கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா வராமல் நானும் மேடை ஏற மாட்டேன் என்று சுரேன் வெளியிலிருந்து கத்தினார். விருந்து நின்றுவிடும் போலிருந்தது. நான் பட்டுச் சேலையோடு நடுவில் நின்றேன். அழுதால் ஒப்பனை கலையும் என்பதற்காக அழாமல் இருந்தேன்.

அப்போதுதான் அங்கிள் வந்து சேர்ந்தார். நான் தாழை நீக்கிக் கதவைப் பாதி திறந்தேன். முழங்காலுக்குக் கீழே எல்லாம் தண்ணீர். மேலே அதே மெரூன் கோட். அதைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. சுரேன் விஷயத்தைச் சொன்னார். அங்கிள் எட்டி மண்டபத்தைப் பார்த்தார். காலி மேஜைகளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பல்வலிக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

"ஆளுதானே வேணும்? சாப்பாடு இருக்கில்ல?"

"எல்லாருக்கும் ஆர்டர் பண்ணது அப்படியே இருக்கு அங்கிள்" என்றார் சுரேன்.

"குடை குடு."

மண்டபத்துக்கு எதிரே ஒரு மேம்பாலம். மழை வந்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு அங்கே பெரிய கூட்டம். அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜிகினா கோட் மழையில் மினுக்கிக்கொண்டே சாலையைக் கடந்து அந்தக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றது. மைக் இல்லை. அவருக்கு எதற்கு மைக்? கண்ணாடியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது.

"மாரி! மாக்கான்! செமுவா ஹலால்!"

வாங்க, சாப்பிடுங்க, எல்லாமே ஹலால். இவ்வளவுதான் சொன்னார். முதலில் யாரும் நகரவில்லை. யாரோ விற்பனைக்காரர் என்று நினைத்திருப்பார்கள். அவர் கல்யாண வீட்டைக் காட்டினார், வயிற்றைத் தட்டினார், ஒரு ஆட்டம்கூட ஆடினார். ஒருவர் சிரித்தார். ஒரு குடும்பம் நகர்ந்தது. அவ்வளவுதான், பாலத்துக்கு அடியில் இருந்த மொத்தமும் சாலையைக் கடந்து வர ஆரம்பித்தது.

பச்சை, ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று மழைக்கோட்டுகள் ஊர்வலமாக உள்ளே வந்தன. வேலை முடிந்து திரும்பிய நேபாளத்துத் தொழிலாளர்கள், உணவுப் பை முதுகில் தொங்கும் இளைஞர்கள், சீருடையில் ஒரு மலாய்த் தாதி, கோழி ஏற்றிவந்த சீன அங்கிள், டியூஷன் பிள்ளைகளோடு ஒரு தமிழ் அம்மா. என்னுடைய வெள்ளை ரோஜா வளைவில் மழைக்கோட்டுகளைத் தொங்கவிட்டார்கள். மேஜைக்கு நடுவில் நான் பார்த்துப் பார்த்து வைத்த மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டுகள் உட்கார்ந்தன.

அங்கிள் கோட்டைப் பிழிந்துவிட்டு மேடை ஏறினார்.

"மேஜை ஏழு! பெண்ணுக்கு மாமன் முறை. நேபாள வழி மாமன்மாருங்க! எழுந்து கை காட்டுங்க!"

என்ன சொன்னார் என்று தெரியாமலே அவர்கள் எழுந்து கை காட்டினார்கள். மண்டபம் சிரித்தது.

"மேஜை பத்து! மாப்பிள்ளைக்கு அக்கா முறை. சின்ன வயசுல ஊசி போட்டே வளர்த்தவங்க!"

தாதி எழுந்து, எதற்கென்று தெரியாமலே குனிந்து வணங்கினாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. அறைக்குள் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"யாருடி அது? எனக்குத் தெரியாம சுரேனுக்கு ஒரு அக்கா?"

கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடைசி மேஜை வரைக்கும் தலைகள். யாரென்றே தெரியாத தலைகள். "ஹெல்மெட்டெல்லாம் கொண்டாந்திருக்காங்களேடி" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு ஆரத்தித் தட்டை எடுத்தார். அங்கிள் அதைப் பார்த்துவிட்டார். கண்ணை மூடினார், கையை விரித்தார்.

"இதோ வர்றாங்க, மாப்பிள்ளையைப் பெத்த மகராசி! செம்ம்ம்புர்ணா!"

மேளம் முழங்கியது. அதுதான் வழக்கம் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சிலர் விசிலடித்தார்கள். அத்தை மகாராணி மாதிரி நடந்தார். மேடைக்கு வந்தவர் அங்கே நிற்கவில்லை. இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய் ஆட்டிறைச்சி பரிமாறினார். கோழிக்கார அங்கிளுக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மூன்று முறை.

மழை விட்டதும்தான் சொந்தக்காரர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் சுபாங் ஜெயா அண்ணி. வாசலில் நின்று உள்ளே பார்த்தவருக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணி, இந்தப் பந்தி முடியட்டும்" என்றார் அத்தை. அண்ணியின் காதருகே குனிந்து, கேட்டே விட்டார்: "எக்கோ எதாச்சும் கேக்குதா?"

நானும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒப்பனை எல்லாம் கலைந்துபோனது, கவலைப்படவில்லை. அங்கிள் மட்டும் தன் நாற்காலியையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தட்டில் ஒரு இடம் காலியில்லை.

என் ஆல்பத்தை நானேதான் சுத்தம் செய்தேன். பழக்கதோஷம், மழைக்கோட்டுகளையும் ஹெல்மெட்டுகளையும் எடுத்துவிட்டு அத்தையிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துக் கடுகடுத்தார்.

"ஹெல்மெட்டெல்லாம் எங்க? நீலக் கலர் ஒண்ணு நல்லா இருந்துச்சே. எல்லாத்தையும் வச்சிரு."

வைத்தேன். மேடையில் நிற்கும் அங்கிளுக்குக் கண் மூடியிருந்தது. திறந்த கண் வேண்டுமென்று மற்றப் படங்களில் தேடினேன். ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றிலும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருடம் அவர் இறந்துபோனார். டயர் கடைக்காரர் மேலே வந்து சொன்னபோது, கீழே எப்போதும் கேட்கும் சத்தம் சில நாட்களாக இல்லாததை நான் கவனிக்கவே இல்லை என்பது உறைத்தது. அழுதேன். இப்போதும் கடையில் தே தாரிக் விரற்கடை குறைந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்து, அதே மண்டபத்தில். இந்த முறை சொந்தம் எல்லாம் நேரத்துக்கே வந்து நிறைந்துவிட்டது. சுபாங் ஜெயா அண்ணி முதல் வரிசையில். மைக் பிடித்த இளைஞர் நன்றாக உடுத்திக்கொண்டு, அளவாகப் பேசி, இடைவெளிகளில் இசையை ஓடவிட்டார். பிரியாணியைத் திறந்த நேரம் வானம் இருட்டி மழை கொட்டியது. அத்தை பேத்தியை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். எதிரே பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கிக்கொண்டிருந்தன.

"சுரேன், குடை எடு."

"எதுக்கும்மா? ஹால் ஃபுல்லா இருக்கே, உக்கார இடமில்ல."

"அங்க அத்தனை பேர் நனைஞ்சு வந்து நிக்கிறாங்க. ஃபுல்லுன்னு யாருடா சொன்னது?"

சுரேன் குடையைத் தேடுவதற்குள் அத்தை படியிறங்கிவிட்டார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சாலையைக் கடந்து, பாலத்துக்கு அடியில் போய் நின்றார். மலாய் அவருக்கு அவ்வளவாக வராது. வந்த இரண்டு சொல்லை அடித்தொண்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

"மாரி! மாக்கான்!"

பாலத்துக்கு அடியில் அது நன்றாகவே எக்கோ அடித்தது.